ஒரு எழுத்துக்கு ஆயிரத்து இருநூறு

மதிப்பும் பிரியமும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், தங்கள் தங்கை, தங்கள் தாயார் மூவரும் சௌக்கியம். ஃப்ரிட்ஜ் மட்டும் சென்ற செவ்வாய்க்கிழமை காலமாகிவிட்டது. அங்கே அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கல்யாணமான இந்த முப்பத்தோரு வருஷத்தில் தங்கள் தங்கையைப் பற்றி நான் எழுதியதெல்லாம் புகார்க் கடிதங்கள்தான். இது அந்த வகை அல்ல. உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

பால் கெட்டால் கெட்டுப்போகட்டும். அத்தையின் இன்சுலினை என்ன செய்வது? இந்த வெயிலில் அதை வெளியே வைக்க முடியாது. கீழ்வீட்டுக்காரர்கள் பெரிய மனது பண்ணி அவர்கள் ஃப்ரிட்ஜில் ஒரு மூலை கொடுத்தார்கள், ஆனால் வியாழக்கிழமை விடிந்ததும் அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிறார்கள். மெக்கானிக் வந்தார், பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினார், இதற்குச் செலவு பண்ணுவது வீண் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக எங்கள் கையில் இருந்தது புதன்கிழமை ஒரே நாள்.

கடைவீதிக்குப் போனோம். தாங்கள் போன தடவை வந்தபோது அங்கே ஆறு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருந்தன. இப்போது ரெண்டே ரெண்டு. ஒன்று பல் ஆஸ்பத்திரி ஆகிவிட்டது, ஒன்று செருப்புக்கடை, மற்ற ரெண்டிலும் ஷட்டர் இறங்கியே கிடக்கிறது. மிச்சம் இருக்கிற ரெண்டும் எதிரெதிரே நிற்கின்றன, ரெண்டு வாசலிலும் ஒரே போர்டு: இதே மாடல் வேறெங்காவது குறைவாகக் கிடைத்தால் அந்த விலைக்கே தருவோம். நம் சமையலறை மூலையில் நுழைகிற அளவில் ரெண்டு கடையிலும் இருந்தது ஒரே ஒரு ஃப்ரிட்ஜ். பெரிய கடையில் இருபத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரம், எதிர்க்கடையில் இருபத்து மூவாயிரத்து எழுநூறு. எதிர்க்கடையில் சனிக்கிழமைதான் வண்டி வருமாம். பெரிய கடைக்காரர் அன்றைக்கே வீட்டில் இறக்கித் தருவாராம். சரி, போர்டில் போட்டபடி எதிர்க்கடை விலைக்குத் தாருங்கள் என்று கேட்டால், மேனேஜர் ரொம்ப மரியாதையாகச் சிரித்து, அது வேறு மாடல், அதன் நம்பர் 'எம்' என்று முடியும், இது 'கே' என்றார். என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு டெக்னாலஜி என்றார்.

நான் அப்பவே பர்ஸை எடுத்துட்டேன் மச்சான். உங்க தங்கச்சி எடுக்க விடல. இருபத்தாறு வருஷம் லைப்ரரியில புத்தகத்துக்கு நம்பர் எழுதி ஒட்டினவ இல்லையா, கண்ணாடியை மாட்டிக்கிட்டு அந்தப் பளபளன்னு இருக்கிற தரையில முட்டிபோட்டு உக்காந்துட்டா. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற சீட்டுல எத்தனை லிட்டர், எவ்வளவு எடை, எவ்வளவு கரண்டு, எல்லாத்தையும் மருந்துச் சீட்டுக்குப் பின்பக்கம் எழுதினா. அப்புறம் ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய் அங்கேயும் முட்டி போட்டா. ரெண்டு தடவை போயிட்டு வந்தா. கடையில இருந்தவங்க எல்லாரும் வேடிக்கை பாத்தாங்க. எனக்கு மானம் போச்சு. வாஷிங்மெஷின் பக்கம் ஒதுங்கி, இந்த அம்மா யாரோன்னு மூடியைத் திறந்து திறந்து பாத்துக்கிட்டு நின்னேன்.

திரும்பி வந்தவ அந்தச் சீட்டை மேனேஜர் மேசையில விரிச்சா. பதினாலு வரி. ரெண்டு கடையிலும் பதினாலும் ஒண்ணு. மேனேஜர் ஓனரைக் கூப்பிட்டார். ஓனர் மாடியிலேர்ந்து இறங்கி வந்து, நின்னுக்கிட்டே முழுசா படிச்சார். உங்க தங்கச்சி சத்தம் போடல, லைப்ரரியில பேசற குரல்லதான் பேசினா.

"இந்தக் கடைசி எழுத்துக்கு ஆயிரத்து இருநூறு கேக்கறீங்க. எனக்கு அந்த எழுத்து வேண்டாம். எடுத்துட்டு மிச்சத்தைக் குடுங்க."

ஓனர் சீட்டை மடிச்சு அவகிட்டயே குடுத்தார். அப்புறம் மேனேஜர்கிட்ட, "குடுத்துடுங்க" அப்படின்னார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஃப்ரிட்ஜ் வந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடியே இன்சுலின் உள்ளே போயாச்சு. அத்தை கதையைக் கேட்டுவிட்டு, என் பெண் சின்ன வயசிலேயே அப்படித்தான் என்றார்கள். எனக்குத்தான் இத்தனை வருஷம் தெரியவில்லை. அன்று காபி டம்ளர்களை நானே கழுவினேன் என்பதையும் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் நோய்நொடியின்றி, நல்ல வேலையும் நல்ல புத்தியுமாக நீடு வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருக்கும்
மைத்துனன்.

பின்குறிப்பு: தபாலில் சேர்க்க மறந்து இந்தக் கடிதம் பத்து நாள் என் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. இதற்கிடையில் அந்த ஓனர் வீடு தேடி வந்து தங்கள் தங்கையை வேலைக்குக் கூப்பிட்டார். கடையில் விலைச்சீட்டு எழுதுவதெல்லாம் இனி இவள் பொறுப்பாம். போன திங்கட்கிழமையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறாள். எந்த எழுத்தில் முடிந்தாலும் ஒரே சாமானுக்கு ஒரே விலைதான் என்பது இவள் போட்ட நிபந்தனை, அவரும் ஒப்புக்கொண்டார். நேற்று கடைக்குப் போய்ப் பார்த்தேன். நாம் வாங்கிய அதே மாடல் ஃப்ரிட்ஜின் மேல் இவள் கையெழுத்தில் புதுச் சீட்டு, இருபத்து இரண்டாயிரத்து எண்ணூறு. நாம் கொடுத்ததைவிடத் தொள்ளாயிரம் குறைவு. அந்த வித்தியாசம் நமக்குத் திரும்பக் கிடைக்குமா என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "கடை விஷயத்தை வீட்ல பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். தாங்கள் அண்ணன் என்ற முறையில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லவும்.