வெடிமருந்து அறைக்கு ஒரு நன்றி

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாளும் சௌக்கியமாக இருப்பதாக மகள் நேற்றே சொல்லிவிட்டாள். இருந்தாலும் கடிதத்தில் கேட்காமல் விட்டால் மரியாதையாக இருக்காது என்பதால் கேட்டுக்கொள்கிறேன். இங்கு நாங்களும் நலம். என் முழங்கையில் மட்டும் ஒரு கட்டு. அதற்குக் காரணம் ஒருவகையில் தாங்கள்தான் என்றாலும், இது நன்றி சொல்ல எழுதும் கடிதம். கடைசிவரை பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

முழங்கால் மாற்று அறுவை முடிந்ததிலிருந்து என் மனைவி என் கையைப் பிடிக்காமல் ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. டாக்டர் நடக்கச் சொல்லித் திட்டினார், இவளோ அடுப்படிக்குப் போவதென்றாலும் என் தோளோடுதான் போவாள். வேலைக்காலம் முழுவதும் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபின் நானே லிஃப்ட்டாகிவிட்டேன். கூப்பிட்ட இடத்துக்குப் போய் நிற்பது, தூக்குவது, இறக்குவது. அதுகூடப் பரவாயில்லை. வாசலைத் தாண்டாமல் சன்னலோரத்தில் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேச்சும் குறைந்துவிட்டது. எனக்குப் பயம் வந்ததே அப்போதுதான். அவள் பேச்சைக் குறைத்து நான் பார்த்ததே கிடையாது.

அந்த நேரத்தில்தான் தாங்கள், ஆற்றங்கரையில் ஒரு பூங்கா இருக்கிறது, ஒரு காலத்தில் வெடிமருந்து ஆலையாக இருந்த இடம், ஆலையை மூடியபின் காடு வளர்ந்து பறவையெல்லாம் வருகிறது, பாதை சமதளம், உங்கள் வீட்டம்மாவைக் கூட்டிப் போங்கள் என்று போனில் சொன்னதோடு நிற்காமல், தங்கள் பைனாகுலரையும் தொப்பியையும் மகளிடம் கொடுத்தனுப்பினீர்கள். பாதை சமதளம் என்ற தகவலைப் பற்றி நான் இங்கே எதுவும் சொல்ல விரும்பவில்லை. தொப்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய நீர்ச்சக்கரத்தைப் பார்க்க நான் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபோது காற்றில் பறந்து கால்வாயில் விழுந்தது. கரியும் கந்தகமும் அரைக்க அந்த நாளில் ஓடிய சக்கரம் இப்போது பாசி பிடித்து அசையாமல் நிற்கிறது, தங்கள் தொப்பி மட்டும் நிற்காமல் மதகுக்குள் போய்விட்டது. அதைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்த ஒரு பெரிய வாத்து எங்கள் ரொட்டிப் பையைக் கவ்வி இழுக்க, நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். கடைசியில் ரொட்டி அதற்கு, பை எனக்கு. அப்போது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. என் மனைவி சிரித்தாள், சம்பந்தி. எத்தனையோ மாதத்துக்கப்புறம் சிரித்தாள்.

அந்தத் தெம்பில்தான் நான் வெடிமருந்து அறைக்குள் போனேன். வெடித்தால் கூரை மட்டும் பறக்கட்டும் என்று சுவரைத் தடியாகவும் கூரையை லேசாகவும் கட்டிய அறை. உள்ளே விளக்கு கூடாது, செருப்பில் ஆணி கூடாது, சட்டையில் பை கூடாது என்று பலகையில் எழுதியிருந்தது. அப்படிப்பட்ட இருட்டில் மனுஷன் எப்படி வேலை செய்திருப்பான் என்று அனுபவித்துப் பார்க்கலாமே என்று, மனைவியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அனுபவித்தது போதும் என்று திரும்பினால் கதவு திறக்கவில்லை. தோளால் தள்ளினேன். முழங்கையால் இடித்தேன். லிஃப்ட்டுக் கதவு மாதிரி பக்கவாட்டில் நகர்த்திக்கூடப் பார்த்தேன். தேக்கா, இரும்பா, என்ன கதவோ அசைந்து கொடுக்கவில்லை. போன் அவள் பையில், அந்தக் காட்டுக்குள் அதில் சிக்னல் இல்லை. சுற்றுமுற்றும் ஓர் ஆள் இல்லை.

"நீங்க அங்கயே இருங்க, நான் போய் ஆளைக் கூட்டிட்டு வரேன்" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் சொன்னாள்.

"நீ எப்படிப் போவ? விழுந்துடுவ."

"விழுந்தா எழுந்துக்கறேன். நீங்க எங்கயும் போயிடாதீங்க."

நான் எங்கே போவது? சுவரில் காற்றுக்காக ஒரு சின்னத் துவாரம் இருந்தது. பைனாகுலரை அதில் வைத்துப் பார்த்தேன். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு கால்வாயோரக் கம்பியைப் பிடித்தாள். கம்பி முடிந்த இடத்தில் நின்றாள். அப்புறம் எதையும் பிடிக்காமல் நடந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மரங்களுக்கு நடுவே ஆலையின் பழைய புகைபோக்கியைத் தாண்டிப் போய் மறைந்தே போனாள். மாட்டிக்கொண்டதே எனக்கு மறந்துவிட்டது. தங்கள் பைனாகுலர் கண்ணாடி ஈரமாகிவிட்டது. அறையில் தூசி அதிகம்.

எவ்வளவு நேரமோ கழித்துக் காவலாளியோடு பேசிக்கொண்டே வந்தாள், மூச்சுக்கூட வாங்கவில்லை. வழியில் மீன்கொத்தி பார்த்தாளாம். இவ்வளவு நேரம் ஏன் என்றதற்கு, அது மீனைப் பிடிக்கும்வரை நின்று பார்த்தாளாம். காவலாளி கதவைத் தொட்டதுதான் தாமதம், திறந்துகொண்டது. பழகிய கை. என்னை ஏற இறங்கப் பார்த்தாரே தவிர ஒரு வார்த்தை கேட்கவில்லை, நல்ல மனிதர்.

அன்றிலிருந்து வீட்டில் தனியாகத்தான் நடக்கிறாள், தெருமுனைவரை போய்வருகிறாள், பேச்சும் பழையபடி திரும்பிவிட்டது, நான் நடுவில் ஒரு வார்த்தை சொல்ல இடம் கிடைப்பதில்லை. இந்த உபகாரத்தை எந்தத் தொப்பியாலும் ஈடுகட்ட முடியாது. ஆகவே புதுத் தொப்பி எதுவும் அனுப்பவில்லை. சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கங்கள், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். தங்கள் குடும்பம் என்றும் நோய்நொடி இல்லாமல் நல்லபடி இருக்க வேண்டும்.

நன்றி மறவாத,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: அண்ணா, வணக்கம். இது நான். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன்னால் படித்தேன். அந்தக் கதவு மாட்டிக்கவே இல்லை. உள்ளேயிருந்து இழுத்தால் திறக்கிற கதவு. அவர் தள்ளித் தள்ளி ஓய்ந்துபோய் நின்ற நேரத்தில் நான் வெளியேயிருந்து ஒரு விரலை வைத்தேன், அசைந்தது. பேசாமல் கையை எடுத்துக்கொண்டேன். கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது நானில்லை அண்ணா, அவர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக நான் விழுந்துவிடுவேன் என்று அவருக்கு ஒரே பயம். நான் எழுந்தாலே ஓடி வந்து தோளைக் கொடுப்பார், வேண்டாமென்றால் முகம் வாடிவிடும். அந்த முகத்துக்காகத்தான் பிடித்துக்கொண்டேன். இதையெல்லாம் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அடுத்த வாரம் திரும்பவும் போகலாம் என்கிறார். அக்கரையில் பழைய சூளை ஒன்று இருக்கிறதாமே, அதற்குக் கதவு இருக்கிறதா என்று கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள்.