பதினாறு டிகிரி நெவில்

அக்டோபர் பிறந்து மூன்றாம் நாள் காலை. ரோச்டேல் ஊரில் வழக்கம்போல மழை. இருபத்தாறாம் நம்பர் வீட்டில் ரொட்டியில் வெண்ணெய் தடவ முடியவில்லை. கத்திதான் வளைந்தது. கிளெனிஸ் எழுந்துபோய் வெண்ணெயைப் பிரிட்ஜுக்குள் வைத்தாள்.

"அத ஏன் உள்ள வைக்கிற?" என்றார் அவள் கணவர் நெவில்.

"கொஞ்சம் இளகட்டும்னுதான். வீட்டிலேயே அங்கதான் கதகதப்பா இருக்கு."

நெவில் ஆஷ்வொர்த்துக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பஸ்ஸில் யாருக்கு எவ்வளவு குளிர வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்தார். வீட்டிலும் அப்படியே. கூடத்துச் சுவரில் ஒரு வட்டத் திருகு. அதைத் திருப்பினால் பாய்லர் ஓடி வீடு சூடாகும். பதினாறு டிகிரியில் பேனாவால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார். கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷத்தில் திருகு அதைத் தாண்டியது ஒரே ஒரு தடவை. பாதிரியார் தேநீர் குடிக்க வந்த அன்று. அன்றைக்கும் பாதிரியார் மேல்சட்டையைக் கழற்றியதும் பழையபடி இறக்கிவிட்டார்.

"பதினாறு போதும் கிளெனிஸ். உடம்புக்கு நல்லது."

"எந்த உடம்புக்கு? பிணவறையில இருக்குதே, அந்த உடம்புக்கா?"

"கேஸ் பில்லு, கரண்டு பில்லெல்லாம் நீ பாத்தியா?"

"பில்லு ஜாஸ்தின்னா கேஸும் கரண்டும் தர்ற கம்பெனிய மாத்து. ஊரே மாத்துது. பக்கத்து வீட்டு டெரிக் ரெண்டு வருஷத்துல மூணு கம்பெனி மாத்திட்டான்."

"அவன் பொண்டாட்டியவே மூணு தடவ மாத்தினவன். அவன் பேச்ச எடுக்காத."

கிளெனிஸ் இரண்டு ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையை நெவிலால் தாங்க முடியவில்லை. வீரம் வந்துவிட்டது.

"சரி, பந்தயம்! இந்த மாசக் கடைசி ஞாயிறு, பகல் சுருங்குதுன்னு எல்லாரும் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வைப்பாங்கல்ல? அதுக்குள்ள மலிவான கம்பெனியக் கண்டுபிடிச்சு யாரு முதல்ல மாத்துறாங்களோ, குளிர்காலம் முடியற வரைக்கும் திருகு அவங்க கையில."

"பேச்சு மாற மாட்டியே?"

"நெவில் பேச்சு மாறினதா சரித்திரமே இல்ல."

கை குலுக்கிக்கொண்டார்கள். இரண்டு கையும் ஐஸ். நெவில் உடனே மாடிக்கு ஓடினார்.

சுவரில் ஒட்டியதுபோக மீந்த பூப்போட்ட காகிதம் ஒரு சுருள் கிடந்தது. அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் குப்புற விரித்தார். கோடு போட்டார். பதினோரு கம்பெனிகள். கேஸுக்கு ஒரு விலை, கரண்டுக்கு ஒரு விலை, பாதியில் விட்டுப் போனால் ஒரு அபராதம்.

டெரிக் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "நெவில், இதையெல்லாம் ஒப்பிட்டுச் சொல்றதுக்கே இணையத்துல ஒரு பக்கம் இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை."

"அஞ்சு நிமிஷத்துல கிடைக்கிறது நெசமா இருக்குமா டெரிக்? பட்டாணி வேகவே அதவிட நேரமாகுதே."

இரண்டாம் வாரம் சுருள் மேஜையை விட்டு இறங்கியது. கூடத்தைக் கடந்தது. சமையலறை வாசலில் போய் நின்றது. தேநீர் போட வேண்டுமென்றால் கிளெனிஸ் ஐந்து கம்பெனிகளைத் தாண்டிக் குதிக்க வேண்டும்.

"ஏழாம் நம்பர் கம்பெனிய மிதிக்காத!"

"ஏன், அதுதான் மலிவா?"

"இல்ல. மை காயல."

நிலைக்கட்டணம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்த அன்று நெவில் மத்தியானச் சாப்பாட்டையே தொடவில்லை.

"கிளெனிஸ், இந்த அநியாயத்தக் கேளு! ஒரு விளக்குப் போடாம, அடுப்பப் பத்த வைக்காம, நாம ரெண்டு பேரும் செத்துக் கிடந்தாலும் தினமும் ஒரு காசு வாங்குறான்!"

"செத்துக் கிடக்கறப்போ உனக்கு என்னப்பா கவலை?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல!"

ஒருத்தனுக்கு நிலைக்கட்டணம் கம்மி, எரிக்கிற விலை கூட. இன்னொருத்தனுக்கு நேர்மாறு. எது லாபம் என்று தெரிய, வீடு எவ்வளவு எரிக்கிறது என்று தெரிய வேண்டும். மீட்டர் மாடிப்படிக்குக் கீழே, கிறிஸ்துமஸ் மரப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. தினமும் மூன்று வேளை நெவில் அதற்குள் தவழ்ந்து போவார். வாயில் டார்ச். வெளியே காலிரண்டு மட்டும் தெரியும்.

ஒருநாள் அப்படி உள்ளே கிடந்தபோது அழைப்பு மணி அடித்தது.

"யாரது?" என்றது மாடிப்படி.

"பாய்லர் பாக்க வந்திருக்காங்க நெவில்."

"வருஷா வருஷம் வர்றதுதானே. சுருள மிதிக்காம நடக்கச் சொல்லு."

நீல உடுப்புப் போட்ட ஒரு பெண் சுருளை மிதிக்காமல் நடந்தாள். சுவரில் ஏதோ செய்தாள். அரை மணியில் போய்விட்டாள்.

அன்று சாயங்காலத்திலிருந்து வீட்டில் ஓர் அதிசயம். கதகதவென்று ஆகிவிட்டது.

நெவில் போய்த் திருகைப் பார்த்தார். பதினாறு. முடி அளவுகூட நகரவில்லை.

"பாத்தியா கிளெனிஸ்? போன வாரம் கதவுக்குக் கீழ எல்லாம் என் பழைய சாக்ஸ அடைச்சேனே, அதோட மகிமை. இப்ப எப்படி இருக்கு?"

"சொர்க்கமா இருக்குப்பா. நீ எங்கேயோ போயிட்ட."

புகழ்ச்சி தலைக்கேறியது. மறுநாள் திருகைப் பதினைந்துக்கு இறக்கினார். வீடு இன்னும் கொஞ்சம் சூடானது. பதினாலுக்கு இறக்கினார். வெண்ணெய் உருகித் தட்டில் ஓடியது. பதிமூன்றுக்கு இறக்கிவிட்டு, கடற்கரைக்குப் போடுகிற அரைக்கால் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்படியே வாசலில் நின்று, நெற்றி வேர்வையைத் துடைத்தபடி டெரிக்குக்கு உபதேசம் செய்தார்.

"குளிருங்கிறது மனசுல இருக்கு டெரிக்."

டெரிக் அவருடைய முழங்காலைப் பார்த்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஒன்றுதான் இடித்தது. மீட்டர் தலைதெறிக்க ஓடியது. நெவில் யோசித்தார். திருகு பதிமூன்றில் இருக்கிறது. நானோ நேர்மையான மனிதன். அப்படியென்றால் பொய் சொல்வது மீட்டர். இந்தக் கம்பெனியை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளக் கூடாது!

கடிகாரம் தள்ளுவதற்கு இரண்டு நாள் இருக்கையில் கணக்கு முடிந்தது. பிரைட்பெக் என்ற கம்பெனிதான் மலிவு. தன் வெற்றியைக் கிளெனிஸும் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாகப் பேசும்படி வைத்து அழைத்தார்.

"பிரைட்பெக் கம்பெனி. நான் கேலம் பேசுறேன்."

"தம்பி, உங்க கம்பெனி குடுத்து வச்சது. பதினோரு கம்பெனில உங்களத்தான் தேர்ந்தெடுத்திருக்கேன்."

"சந்தோஷம் சார். விலாசம் சொல்லுங்க."

சொன்னார். அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது.

"சார், இந்த வீடு ஏற்கெனவே எங்ககிட்டதான் இருக்கு. மிஸஸ் ஆஷ்வொர்த் பேர்ல. ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சே."

நெவில் மெல்லத் திரும்பினார். கிளெனிஸ் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப மாத்தின?"

"கை குலுக்கிட்டு நீ காகிதம் தேடி மாடிக்கு ஓடினியே, அப்பத்தான். டெரிக் சொல்ற அதே பக்கந்தான். நாலு நிமிஷம் ஆச்சு."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே கம்பெனி! பந்தயம் சமம்!"

"மன்னிக்கணும் சார்," என்றது போன். "மேடம் சேர்ந்தப்போ இருந்த மலிவு விலை போன வாரமே முடிஞ்சிருச்சு. இன்னிக்குச் சேர்ந்தா கூடத்தான் ஆகும். சரி, புதுத் திருகு நல்லா வேலை செய்யுதா?"

"எந்தத் திருகு?"

"சுவத்துல இருக்கிற பழசோட இணைப்ப எடுத்துட்டோமே சார். மேடம் இப்ப போன்லதான் சூட்டக் கூட்டிக் குறைக்கிறாங்க. இந்த நிமிஷம் இருபத்துமூணு காட்டுது."

நெவில் பாய்ந்து போய்த் திருகைப் பத்துக்குத் திருப்பினார். முப்பதுக்குத் திருப்பினார். ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். வீடு கண்டுகொள்ளவே இல்லை.

"கிளெனிஸ்! எங்கிட்ட ஏன் சொல்லல?"

"முதல்ல மாத்துறவங்க கையில திருகுன்னுதானே பேச்சு? சொல்லிட்டுத் திருகணும்னு பேச்சே இல்லியே."

"ஒரு நிமிஷம் சார்," என்றான் கேலம். "நீங்க மிஸ்டர் நெவிலா?"

"ஆமா, நெவில்தான்!"

அந்தப் பக்கம் மறுபடி தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் மாறியது. சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, தொட்டிலுக்குள் குனிந்து பேசுகிற மாதிரி வந்தது.

"நெவில் ஐயா! எப்படி இருக்கீங்க? கை, காலெல்லாம், சூடா, இருக்கா?"

"என்ன கேள்வி தம்பி இது?"

"விசேஷக் கவனிப்புப் பட்டியல்ல உங்க பேரு இருக்குய்யா. வீட்டுல குளிர் தாங்க முடியாத முதியவர் ஒருத்தர் இருக்காருன்னு மேடம் எழுதிக் குடுத்தாங்க. அதனாலதான் வரிசையில நிக்க வைக்காம உடனே ஆள அனுப்பினோம்."

"குளிர் தாங்காதவனா? நானா? பதிமூணு டிகிரியில அரைக்கால் சட்டையோட நிக்கிறவன்யா நான்!"

"ஐயய்யோ, அரைக்கால் சட்டையோடவா நிக்கிறீங்க? பயப்படாதீங்க ஐயா. ஒண்ணும் ஆகாது. அப்படியே உக்காருங்க. பக்கத்துல விவரம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா அவங்ககிட்ட போனக் குடுங்க."

நெவில் உட்கார்ந்தார். போனைக் கிளெனிஸிடம் கொடுத்தார்.