தலைக்கு நாலு நாவல்

இனிமேல் ஒரு புத்தகத்தைப் படித்து முடிக்காமல் விமரிசனம் எழுதுவதில்லை என்று சபதம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எடுத்தேன். மதியம் ஒரு மணிக்குள் நாலு நாவலுக்கு விமரிசனம் போய்ச் சேர வேண்டும். நாலும் சேர்த்து ஆயிரத்து நானூறு பக்கம். சபதத்தை அடுத்த மாதத்திலிருந்து அமல்படுத்துவதாக உடனே திருத்திக்கொண்டேன்.

நான் மதியழகன். திண்டுக்கல்லில் ஒரு பம்புசெட் கடையில் மேலாளர். ஊர் என்னை மதிப்பது அதற்காக இல்லை. ஒரு மாதப் பத்திரிகையில் 'புதுவரவு' பக்கத்தில் என் பேர் வரும். ரெட்டியார்சத்திரத்திலிருந்து கிணற்றுக்கு மோட்டார் வாங்க வருகிற விவசாயச் சம்சாரிகூட, "சாரு பத்திரிகைல எழுதுறவரு" என்று தள்ளுபடி கேட்கக் கூசுவார். ஏற்கெனவே இரண்டு முறை பிந்திவிட்டேன். மூன்றாம் முறையும் பிந்தினால் பக்கம் வேறு ஆளுக்கு என்று ஆசிரியர் கமலக்கண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். பக்கம் போனால் நான் வெறும் பம்பு.

நாவல்கள் வந்து மூன்று வாரம் ஆகிறது. நானும் சும்மா இருக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வரும்போதெல்லாம் நாலையும் தலைக்கு வைத்துத்தான் படுத்தேன். ஊர்ப் பேரிலேயே திண்டு இருக்கிறதே! ஆனால் திண்டின் உயரம் அடிக்கடி குறையும். ஒரு புத்தகம் அடுப்படியில் இருக்கும். என் மனைவி மலர்விழி எடுத்துப் படித்துக்கொண்டிருப்பாள். அவள் வாயைக் கிண்டி விமரிசனத்தை எடுப்பதுதான் இரண்டு வருடமாக என் தொழில் ரகசியம்.

அடுப்படிக்குப் போனேன். ஒரு கையால் கறியைக் கிண்டிக்கொண்டே மறு கையால் செல்லில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு நசீம் பானுவோடு வாட்ஸப்பாக இருக்கும்.

"மலரு, அந்த மாயாஜாலக் கதை, 'யாளிக்குப் பசிக்குது'… நான் படிச்சுட்டேன். சும்மா உன் அபிப்பிராயம் கேக்குறேன்."

"படிச்சுட்டீகளா? யாளி கடைசில யாரத் திங்குது?"

"அது சஸ்பென்சு. வெளிய சொல்லக் கூடாது."

"எங்கிட்டக்கூடவா?" சிரித்தாள். "அது யாரையும் திங்கலைங்க. பசிக்குது, பசிக்குதுன்னு ராசாவப் பயமுறுத்தியே காலத்த ஓட்டுது. உங்கள மாதிரி."

கடைசி இரண்டு வார்த்தையை விட்டுவிட்டு மற்றதை எழுதிக்கொண்டேன்.

"சரி, 'மூணாம் நடைமேடை'? காதல் எப்பிடி?"

"ரெண்டு பேரும் முந்நூறு பக்கம் காத்துக் கெடக்காக. ஒரு போனப் போட்டிருந்தா முப்பது பக்கத்துல முடிஞ்சிருக்கும். இந்தத் தேங்காயத் துருவுங்க."

துருவினேன். கலைக்காகத் துருவினேன்.

"விஞ்ஞானக் கதை? 'செவ்வாயில் புதன்கிழமை'?"

"செவ்வாய்க்குப் போயும் பொம்பளதேன் சமைக்கிறா. அம்புட்டுதேன் விஞ்ஞானம்."

எழுதினேன். அவளும் செல்லில் தட்டினாள்.

"ஏங்க, இதெல்லாம் எழுதுனா பேரு போடுவாகளா?"

"போடுவாக, போடுவாக. கொட்டை எழுத்துல."

"சரி," என்றாள்.

நான் மூன்றையும் வெட்டி ஒட்டி நிமிர்ந்தால் மணி பன்னிரண்டே முக்கால்! மிச்சம் ஒரு துப்பறியும் நாவல். பேர் 'வெஞ்சினம்'. அடுப்படியில் ஆளைக் காணோம். மொட்டை மாடியில் நசீம் பானுவோடு பேச்சு. எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வாசலில் நின்று கத்தினேன்.

"மலரு! வெஞ்சினம் எப்பிடி?"

"ஆரம்பத்துல காரம் தூக்கலு! நடுவுல செத்த நேரம் வேகவே இல்ல!"

அடடா, என்ன விமரிசன மொழி! எனக்கே வராது.

"முடிவு?"

"அடிப்பிடிச்சிருச்சு!"

"வெட்டுனது யாரு?"

"கறிக்கடைக்காரருதேன்! வேற யாரு வெட்டுவாக?"

நசீம் பானு துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொலை என்றதும் பயந்துவிட்டாள் போலிருக்கிறது, பாவம்.

'கொலையாளி கறிக்கடைக்காரர்தான் என்பதை எம்மைப் போன்ற தேர்ந்த வாசகர் முதல் பக்கத்திலேயே கண்டுகொள்வர்' என்று ஒரு வரி சேர்த்தேன். பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். மலர் சோறு போட்டுக் கறியை வைத்தாள். போன் அடித்தது. கமலக்கண்ணன்.

"சார், 'வெஞ்சினம்' முழுக்க நடுக்கடல்ல ஒரு கப்பல்ல நடக்குற கதை. அங்க கறிக்கடை எங்க சார் வந்துச்சு?"

தட்டைப் பார்த்தேன். உறைத்தது. எங்கள் பக்கம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதெல்லாம் வெஞ்சனம். நான் கேட்டது வெஞ்சினம், அவள் சொன்னது வெஞ்சனம். ஒரே எழுத்தில் என் சோலி முடிந்தது.

"நீங்க பதறாதீங்க சார். பன்னெண்டரைக்கே உங்க வீட்டம்மா நாலுக்கும் வாட்ஸப்ல எழுதி அனுப்பிட்டாங்க. 'பின்னாடியே அவுக ஒண்ணு அனுப்புவாக, சிரிச்சுட்டு அழிச்சிருங்க'ன்னும் போட்டிருந்தாங்க. செவ்வாய்ல சமைக்கிற வரி பிரமாதம்! இனி அந்தப் பக்கம் அவங்களுக்குத்தான். அவங்க பேர்லயே."

போனை வைத்தேன். நாளைக்குக் கடையில் எந்த முகத்தோடு நிற்பேன்?

"வேணும்னேதான சொன்ன?"

"நீங்க கேட்டீக, சொன்னேன். ரெண்டு வருசமா நான் சொல்லச் சொல்ல நீங்க பேரு வாங்குனீக. இனி நான் வாங்கிக்கிறேனே."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரே வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டாக வேண்டுமே. சமாளித்தேன்.

"கறி பிரமாதம் மலரு! அடியும் பிடிக்கல, காரமும் அளவா இருக்கு."

"இன்னும் வாயிலயே வைக்கலையேங்க," என்றாள்.