எல்லோருக்கும் ஐந்து

நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலும் சமாதானத்துக்கென்று அரசாங்கம் ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் ஒதுக்கியிருந்தது. கண்டியில் அந்த மேசை ஓசை நல்லிணக்கப் பணியகத்தில் கிடந்தது. எல்லா இனங்களின் பாட்டும் ஒரே மேடையில் ஒரே அளவு சத்தத்தில் ஒலித்தால் யுத்தத்துக்குக் காரணமே இல்லாமற் போய்விடும் என்பது பணியகத்தின் கொள்கை. கொள்கையை எவரும் மறுக்கவில்லை. போன வருட விழாவில் ஒரு பாட்டு மற்றதைவிடச் சற்று உரக்கக் கேட்டபோது, பின்வரிசைக் கதிரைகள் ஆட்கள் இல்லாமலே முன்வரிசைக்கு வந்ததை எல்லோரும் கண்டிருந்தார்கள்.

அங்கே எழுதுவினைஞராக இருந்த விவேகானந்தன் யாழ்ப்பாணத்தவர், ஐம்பதைத் தாண்டியவர். எதையும் செய்து முடித்துவிட்டு, செய்தது சரிதானா என்று அடுத்த வேலை வரும்வரை யோசிப்பார். கிற்றார் வாசிக்கும்போது மட்டும் அந்த யோசனை கொஞ்சம் ஓயும். கனடாவிலிருந்த மைத்துனர் அவருக்கு ஒரு டிஜிட்டல் அம்ப் பெட்டி அனுப்பியிருந்தார். ஆள் உயர அம்ப்ளிபயர்கள் பலவற்றின் குரல்கள் அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்கியிருந்தன. ஒரு பொத்தானைக் காலால் மிதித்தால் கிற்றார் மணிபோலத் துலங்கும். அடுத்ததை மிதித்தால் மரம் அரியும் ஆலைபோல உறுமும். எவ்வளவு உறும வேண்டும் என்பதைச் சொல்வது கெயின் என்கிற எண். எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும் என்பதற்கு வேறொரு அளவு இருக்கிறது. இது உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். பணியகத்துக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து விவேகானந்தனுக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. ஷெல் சத்தம் கேட்கிற ஊர். மனைவி கமலாசனியோ கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஆசிரியை. பணிப்பாளர் சேதுராமன் தேயிலைத் தோட்டத்திலிருந்து படித்து மேலே வந்தவர், இரக்கமுள்ளவர். அவர் ஒரு வழி சொன்னார். விழாவில் மூன்று இனத்தின் பாட்டுகளுக்கும் விவேகானந்தனே கிற்றார் வாசிக்க வேண்டும். மூன்றும் சமமாக அமைந்துவிட்டால் இடமாற்றத்தை ரத்துச் செய்வது தன் பொறுப்பு.

ஒத்திகை நடந்தது. திலகசிறி என்பவர் பாடிய சிங்களப் பாட்டுக்கு உறுமல் தேவை. அதற்குக் கெயின் ஒன்பது. முஸ்லிம்கள் சார்பில் பாடியவர் திகனவில் சவுண்ட் செட் வாடகைக்கு விடும் ஜவாஹிர். அவர் பாட்டுக்கு இலேசான கரகரப்பு, ஐந்து. தமிழ்ப் பாட்டைப் பாடியது கமலாசனி. மெல்லிய காதல் பாட்டு, இரண்டே போதும். கெயின் ஏறினால் சத்தமும் கூடவே ஏறப் பார்க்கும். ஆகவே விவேகானந்தன் ஒவ்வொன்றின் சத்தத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைத்து, ஜவாஹிரின் மிக்ஸரில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள் மூன்று பாட்டுக்கும் ஒரே இடத்தில் நிற்கும்படி செய்தார். ஜவாஹிர் குனிந்து பார்த்து, மயிரிழைகூடப் பிசகவில்லை என்று சாட்சி சொன்னார்.

சேதுராமன் வந்தார். காதைத் தீட்டவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் திரையைப் படித்தார். முகம் வெளிறியது.

"தமிழுக்கு ரெண்டா?"

"அது சத்தம் இல்லை சேர். கரகரப்பு."

"எதுவா இருந்தாலும் ஒன்பது ஒன்பதுதானே? நான் தமிழன். என் ஆபீஸ்ல தமிழுக்கு ரெண்டுன்னா நம்ம ஆளுங்க சும்மா விடுவாங்களா? தமிழுக்கு ஒன்பது குடுத்தா மத்தவங்க விடுவாங்களா?"

"தமிழுக்கு இரண்டே போதும் சேர்."

"இதத்தாங்க அம்பது வருஷமா எல்லாரும் சொல்லிக்கிட்டு இருக்காங்க."

உடனே குழு கூட்டப்பட்டது. குடிசனமதிப்பீட்டு விகிதப்படி கெயினைப் பங்கிடலாம் என்றார் ஒருவர். ஒன்பதை மூன்று சமூகங்களும் முறைவைத்து அனுபவிக்கலாம் என்றார் இன்னொருவர். இறுதியில் எல்லோருக்கும் ஐந்து என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. வாசித்துப் பார்த்தார்கள். திலகசிறியின் பாட்டு மழையில் நனைந்த அப்பளமாயிற்று. கமலாசனி காதலனை அழைத்த இடத்தில் பாரம் ஏற்றிய லொறி ஒன்று கடுகண்ணாவ ஏற்றத்தில் முனகியது. இப்போதுதான் நீதி கிடைத்திருக்கிறது என்று ஜவாஹிர் மட்டும் சொன்னார். அவருக்கு முந்தியும் ஐந்துதான்.

சேதுராமன் நெடுநேரம் சிந்தித்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை வெட்டி, அதில் 5 என்று பெரிதாக எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை குத்தித் திரைமேல் ஒட்டினார்.

"இனி உள்ளுக்கு என்ன வேணும்னாலும் வச்சுக்கங்க," என்றார்.

நாட்டின் பல பிரச்சினைகள் இதே முறையில் தீர்க்கப்பட்டிருந்தபடியால் எவருக்கும் ஆட்சேபனை இருக்கவில்லை. வயரும் வெளிச்சமுமாக ஒரு பெட்டியோடு தமிழன் ஒருவன் சோதனைச்சாவடியைக் கடப்பது அந்தக் காலத்தில் இலேசான காரியமல்ல. ஆனால் விழாவன்று முத்திரையைக் கண்ட சிப்பாய் பெட்டியை உடனே போகவிட்டான். விவேகானந்தனைத்தான் அரைமணி நேரம் விசாரித்தான்.

விழா அமர்க்களமாக நடந்தது. ஒன்பது, ஐந்து, இரண்டு என்று பெட்டி தாளுக்கு அடியில் தன்பாட்டுக்கு வேலை செய்தது. மூன்று பாட்டுக்கும் முள் அசையாமல் ஒரே இடத்தில் நின்றது. மூன்று இனமும் சேர்ந்து கைதட்டியது. கதிரைகள் யாவும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அடுத்த வாரம் இரண்டு முறைப்பாடுகள் வந்தன. பெரும்பான்மையினரின் பாட்டு திட்டமிட்டு அமுக்கப்பட்டது என்றது ஒன்று. முஸ்லிம்களின் பாட்டு மற்ற இரண்டுக்கும் நடுவில் நசுக்கப்பட்டது என்றது மற்றது. அதில் முதற் கையொப்பம் ஜவாஹிருடையது. விவேகானந்தன் அவரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"முள்ளைப் பாத்தது நீங்கள்தானே?"

"முள்ளுல ஒரு பிழையும் இல்ல மாஸ்டர்," என்றார் ஜவாஹிர் அன்பாக. "காதுக்குத்தான் கொறவாக் கேட்டிச்சி. எங்கட ஆக்கள் எல்லாருக்கும் அப்பிடித்தான் கேட்டிச்சாம். வராத ஆக்களும் சொல்றாங்க."

சேதுராமனைக் கலக்கியது வந்த இரண்டு முறைப்பாடுகள் அல்ல, வராத மூன்றாவது.

"ரெண்டு சமூகத்துக்குக் குறை. தமிழருக்கு மட்டும் குறையில்ல. அப்ப என்னங்க அர்த்தம்? தமிழ்ப் பாட்டத்தான் ஒசத்தியிருக்கோம். வாசிச்சவர் தமிழர், பணிப்பாளர் தமிழர். ரெண்டு பேரும் தொலைஞ்சோம். மூணு பேரும் ஒரே மாதிரி குறை சொன்னாத்தான் அது சமத்துவம்." குரலைத் தாழ்த்தினார். "நீங்கதான் நல்லா எழுதுவீங்களே."

இப்படியாக விவேகானந்தன் தமக்கெதிராகத் தாமே முறைப்பாடு எழுத உட்கார்ந்தார். பொய் எழுத மனம் கூசியது. ஏதாவது முகாந்திரம் அகப்படாதா என்று விழாவின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார். மூன்றும் சமமாகத்தான் இருந்தன. திரும்பவும் போட்டார். தமிழ்ப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் ஏதோ நெருடியது. தமக்குத் தாமே இடம் கொடுக்கிறோமோ என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை கேட்டார்.

குசினியிலிருந்து கமலாசனி எட்டிப் பார்த்தார். "இப்பதான் விளங்குதோ? என்ரை பாட்டு அமுங்கிக் கிடந்தது எனக்கு அண்டைக்கே தெரியும். நீங்கள் மனம் நோவியள் எண்டு சொல்லேல்லை."

அதற்குப் பிறகு அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பேனா தானாக ஓடியது. காலங்காலமாக என்று தொடங்கினார். கெயின் இரண்டு என்கிற அநியாயத்தை விளக்கினார். தாள் ஒட்டி மறைத்த சூழ்ச்சியை அம்பலப்படுத்தினார். சூழ்ச்சியின் சூத்திரதாரியான கிற்றார்காரருக்கு முன்மாதிரியான தண்டனை வேண்டும் என்றார். வாசித்துப் பார்த்தபோது மிதமாகப்பட்டது. இன்னும் இரண்டு பந்தி சேர்த்து, தமிழ் மக்கள் என்று ஒப்பமிட்டார்.

சேதுராமன் அதைப் படித்துக் கண் கலங்கினார். முறைப்பாடுகள் மூன்றும் கொழும்புக்குப் போயின. பதிலும் வந்தது. முதல் இரண்டும் ஆதாரமற்றவை என நிராகரிக்கப்பட்டிருந்தன. தமிழ் முறைப்பாடு மட்டும் நுணுக்கமான விபரங்களுடன் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டிருப்பதாகக் கண்டு, சம்பந்தப்பட்ட எழுதுவினைஞர் தாம் அநீதி இழைத்த சமூகத்தின் மத்தியிலேயே சேவையாற்றும்பொருட்டு உடனடியாக வவுனியாவுக்குச் செல்லும்படி பணிக்கப்பட்டிருந்தார்.

"நான் என்னங்க செய்ய?" என்றார் சேதுராமன். "எழுதினது நீங்கதான்னு சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும்."

விவேகானந்தன் கடிதத்தை நிதானமாக வாசித்தார். வழக்கம்போல் இது சரிதானா என்று தம்மையே கேட்டுப் பார்த்தார். பிழை ஒன்றும் தென்படவில்லை.

"பரவாயில்லை சேர்," என்றார் மெய்யான திருப்தியோடு. "எங்கட சனத்துக்கு ஒருக்காலாவது நீதி கிடைச்சிருக்கு."

பிறகு வவுனியா பஸ்ஸில் இடம் பிடிக்கப் புறப்பட்டார்.