ஒன்மோர் அண்ணனும் பெரியப்பாவின் முதுகும்

நீலகிரி மாவட்டத்திலேயே ஒரே பெண்ணுக்கு, ஒரே மாப்பிள்ளையை, ஒரே முகூர்த்தத்தில் மூன்று தடவை கட்டிவைத்த பெருமை ஒருவருக்குத்தான் உண்டு. அவர் ஐயர் இல்லை. குன்னூர் பஜாரில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒன்மோர் அண்ணன்.

சொந்தப் பெயர் ஏதோ ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். கடை போர்டில் இருந்ததை மழை அழித்துவிட்டது. கேமராவைத் தோளில் ஏற்றினால் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் "ஒன் மோர்" என்பதால் ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை முதல் தடவை தாலி கட்டியபோது கை மறைத்தது. இரண்டாவது தடவை மஞ்சளரிசி லென்ஸில் விழுந்தது. மூன்றாவதற்கு ஐயர் எரிந்து விழுந்தார்.

"ஏனய்யா, மந்திரத்தையும் மறுபடி சொல்லணுமா?"

"மந்திரம் வேண்டாமுங்க சாமி, அது நல்லாவே கேட்டுருச்சு. கை மட்டும் தெரியோணும்."

கிரகப்பிரவேசம் ஒன்றில் பசு வீட்டுக்குள் நுழையும்போது பேட்டரி தீர்ந்துபோயிற்று. வேறு ஆளாக இருந்தால் விட்டிருப்பான். அண்ணன் புது பேட்டரி போட்டுக்கொண்டு, பசுவைப் பின்பக்கமாகவே வாசலுக்குத் தள்ளச் சொன்னார். பசுவுக்கு அதில் சம்மதமில்லை. தன் அபிப்பிராயத்தை நடு ஹாலில் போட்டது. வீட்டுக்காரருக்கு மகா சந்தோஷம், லட்சுமி கடாட்சம் என்றார். அண்ணன் துக்க வீட்டிலும் விடமாட்டார். கோயம்புத்தூரிலிருந்து மாமனார் சாவுக்கு அழுதுகொண்டு வந்த ஒருவரை, "வாசல்ல நிழல் விழுந்துருச்சுங்க, ஒன் மோர்" என்றார். அந்த மனிதர் திரும்பிப் போய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, மறுபடி அழுதபடி இறங்கி வந்தார். கேமராவுக்கு அப்படி ஒரு மரியாதை இருந்த காலம்.

அப்போது நான் பக்கத்து வெலிங்டனில் குமாஸ்தா. அவர் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லைட் பிடிக்கிற கௌரவ உத்தியோகமும் எனக்குத்தான். சம்பளம் கிடையாது. பந்தியில் முதல் வரிசை உண்டு.

தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால் சாதாரணமாக இல்லை. பறித்த கூலிக்குக்கூடக் கட்டாமல் பச்சை இலையை மூட்டை மூட்டையாக ஓடையில் கொட்டினார்கள். பாதி ஃபேக்டரிகள் கதவைச் சாத்தின. கல்யாணங்கள் தள்ளிப்போயின, நடந்தவையும் வீடியோ இல்லாமல் நடந்தன. அண்ணன் கேமராவைத் துடைத்துத் துடைத்து அதற்குத் தோல் உரியும் நிலை வந்தபோது, கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாடிக்காரர் வந்தார். ஏதோ சங்கத்துக்காரர். தேயிலைக்காரர்களின் கஷ்டத்தை டாக்குமெண்டரியாக எடுத்துத் தந்தால் டெல்லி வரை கொண்டுபோவதாகச் சொன்னார். போகிறபோக்கில், டாக்குமெண்டரியில் பல தினுசு உண்டு என்று ஒரு மணி நேரம் பாடமும் எடுத்தார். அங்கேதான் வினை பிடித்தது. அண்ணன் எல்லாத் தினுசையும் எடுத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

முதல் தினுசில் படம் ஓடும்போது பின்னால் ஒரு கம்பீரக் குரல் எல்லாவற்றையும் விளக்க வேண்டும். அண்ணனே பேசினார். எதிரொலி வேண்டுமென்று குளியலறையில், தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, "ஐயகோ! பச்சைத் தங்கமே! உன் மதிப்பு எங்கே?" என்று முழங்கினார். "மேல ரெண்டு பரோட்டா!" என்று பக்கத்து ஓட்டலிலிருந்து பதில் வந்தது. கேசட்டில் இரண்டும் தெளிவாகப் பதிவாகியிருந்தன.

அடுத்த தினுசுக்குச் சுவரில் பல்லி மாதிரி இருக்க வேண்டும். பேசக் கூடாது, கேட்கக் கூடாது, நடப்பதை மட்டும் எடுக்க வேண்டும். ஜெகதளா கிராமத்து டீக்கடை மூலையில் கேமராவோடு காலையிலிருந்து மௌனமாக உட்கார்ந்தார். ஊர்க்காரர்கள் இரக்கப்பட்டு போண்டா வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கேமராவுக்கு எதிரே வந்து நின்று தலை சீவிக்கொண்டார்கள். கேசட் முழுக்கச் சீப்பு.

மூன்றாவது, பேட்டி.

"ரொம்பக் கஷ்டமுங்களா?"

"ஆமாங்க."

"கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்க."

"ஆமாமாங்க."

தாடிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இதில் வலி எங்கே?" என்று கேட்டார். அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நடந்ததை, அது நடந்த ஆளையே வைத்து மறுபடி நடத்தி எடுக்கிற நாலாவது தினுசைக் கையில் எடுத்தார். அவருக்கென்றே செய்த தினுசு அல்லவா!

ஆள் ராமையா. சிலோனிலிருந்து தாயகம் திரும்பி, எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்து, ஜெகதளாவுக்குக் கீழே ஒரு துண்டு நிலத்தில் தேயிலை வைத்தவர். முந்தின வாரம் ஒரு ஃபேக்டரி வாசலில் இலை மூட்டையை இறக்கி, எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கும்பிட்டுக் கெஞ்சியிருக்கிறார். வேண்டாமென்று துரத்திவிட்டார்கள். டீக்கடையில் அவரே சொன்னதுதான். நடித்துக் காட்டவும் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"எம்புள்ளைக்குத் தெரியக் கூடாது சார். இல நல்லா வித்துப் போவுது, நீ படின்னு சொல்லி வச்சிருக்கேன். அது ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள முடிச்சிருங்க."

"அரை மணி நேர வேலைங்க. சத்தியமா முடிச்சுருவேன்" என்றார் அண்ணன்.

மூடிக் கிடந்த வேறொரு ஃபேக்டரியின் வாசல். கெஞ்சுவதற்கு ராமையா இருந்தார். துரத்துவதற்கு ஆள்? பேன்ட் போட்டவன் நான் ஒருவன்தான். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். அண்ணன் பல்லியையும் நடிப்பையும் ஒன்றாகச் சேர்த்து, கேமராவோடு தூரத்தில் கற்பூர மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

முதல் தடவை ராமையா என் முன்னால் கைகூப்பியபோது அவர் குரல் உடைந்துவிட்டது.  நான் கையை மட்டும் ஆட்டித் துரத்தினேன். பிரமாதமாக வந்திருக்கும். ஆனால் குறுக்கே பஸ் போனது.

"ஒன் மோர்!"

மறுபடி கும்பிட்டார். மூடுபனி இறங்கியது. ஒன் மோர். மறுபடி. நான் சிரித்த மாதிரி தெரிகிறதாம். ஒன் மோர். போகப் போக எனக்கும் துரத்துவது கைவந்துவிட்டது. "போய்யா, போ" என்று வசனம்கூடச் சேர்த்துக்கொண்டேன். அதை இன்று எழுதும்போதும் கூசுகிறது. ராமையா தன்னால்தான் சரியாக வரவில்லை என்று நினைத்துவிட்டார். மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டே, மரத்தடிக்கும் கேட்கிற குரலில் என்னிடம் கேட்டார்.

"இன்னுங் கொஞ்சம் குனியட்டுங்களா சார்?"

நான் சரியென்று தலையாட்டினேன். அரை மணி நேரம் எப்போதோ கடந்து போயிருந்தது. மூவரில் ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அவர் குனிந்தார். நன்றாகவே குனிந்தார். அப்போது மேல்சாலையில் ஒரு பெண் புத்தகப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. மரத்துக்குப் பின்னால் இருந்த கேமரா அவளுக்குத் தெரியவில்லை. அவள் பார்த்தது அப்பாவையும் என்னையும்தான். நேராக இறங்கி வந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவின் கூப்பிய கைகளைப் பிடித்துப் பிரித்துவிட்டாள்.

"வேணாம்னா விடுங்கப்பா. வாங்க போவோம்."

ராமையா பதறிப்போனார். "செல்வி, இது படம்மா. சும்மா படம். அந்தா பாரு, சார் நிக்கிறாரு."

அண்ணன் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். தோளில் கேமரா, அதில் இன்னும் சிவப்பு விளக்கு.

செல்வி அதைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "படமா? அப்ப நெசமா நடக்கலியாப்பா?"

 ராமையாவால் பெண்ணிடம் பொய் சொல்லவும் முடியவில்லை, மெய் சொல்லவும் முடியவில்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன்தான் பேசினார். "நெசமெல்லாம் இல்ல கண்ணு. அப்படி ஒண்ணும் நடக்கல. நாந்தான் கதை கட்டி, இப்படிச் செய்யுங்கன்னு உங்கப்பாவுக்குச் சொல்லிக்குடுத்தேன். தப்பு என் மேலதான்."

சொன்ன கையோடு கேசட்டை வெளியே எடுத்து ராமையாவின் கையில் வைத்தார். நிஜத்தைப் படமெடுக்க வந்த மனிதர், படத்தில் இருந்த ஒரே நிஜத்தைக் கதை என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அதை எப்படி டெல்லிக்கு அனுப்புவது? செல்வி நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. மூட்டையின் ஒரு நுனியை அவள் பிடித்துக்கொண்டாள், மறு நுனியை அப்பா பிடித்தார். இருவரும் மேடேறிப் போனார்கள்.

 பஸ்ஸில் திரும்பிக் குன்னூரில் இறங்கியதும் அண்ணன், "அந்தாளு குனியறேன்னாரே, நீங்களாச்சும் வேண்டாமுன்னு சொல்லியிருக்கலாமுங்க தம்பி" என்றார். கொஞ்ச தூரம் நடந்து, "நானே சொல்லல, உங்களை எங்க கேக்கறது" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

பிற்பாடு ராமையா வீட்டுக்குப் போய், எப்படி எடுக்கலாம் என்று அவர்களையே கேட்டு ஒரு படம் எடுத்தார். ராமையா வெள்ளைச் சட்டையில், சம்சாரமும் மகளும் இரு பக்கமும் இருக்க, தேயிலையைப் பற்றித் தன் பாட்டுக்குப் பேசினார். ஒரே மூச்சில் எடுத்தது. தாடிக்காரர் பார்த்துவிட்டு, "இதில் கண்ணீரே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். வீடியோ அண்ணன்தான். கெட்டிமேளம் முழங்கியது. நான் தாலியை எடுத்துக் கட்டிய அந்த நேரம் பார்த்து, பொள்ளாச்சிப் பெரியப்பா அரிசி போடுகிறேன் என்று எழுந்து கேமராவுக்கு நேர் எதிரே நின்றுவிட்டார். கட்டி முடித்ததும் மண்டபமே அண்ணனைத் திரும்பிப் பார்த்தது. ஐயர் பழக்கதோஷத்தில் மறுபடி தயாரானார். நானும் முடிச்சிலிருந்து கையை எடுக்காமல் காத்திருந்தேன்.

அண்ணன் கேமராவை இறக்கினார். அந்த வார்த்தை வரவில்லை. "நடந்துருச்சுங்க தம்பி. கையை எடுங்க" என்றார்.

அதனால் எங்கள் கல்யாண கேசட்டில் தாலி கட்டும் காட்சியே கிடையாது. முழுக்கப் பெரியப்பாவின் முதுகுதான். "ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?" என்று என் மனைவி இன்றும் குறைப்படுகிறாள். அண்ணன் இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் வேறு கடை வந்துவிட்டது. கேசட்டைப் போட்டால் அந்த முதுகு வரும் இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்திவைத்துப் பார்ப்பேன். அதற்குப் பின்னால் நானும் என் மனைவியும் இருக்கிறோம். அதற்கு முன்னால், வாயை இறுக மூடிக்கொண்டு, எங்கள் அண்ணன் நிற்கிறார்.