கவுளியைக் குத்திய சீமை வீரன்

பனங்காட்டுத் தோட்டம்,
திருச்செங்கோடு தாலுகா,
18-5-1938.

சென்னையில் ரயில்வே ஆபீசில் உத்தியோகம் பார்க்கும் தங்கசாமி மாமா அவர்களுக்கு, அக்காள் மகள் வசந்தாமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், கவலை கட்டித் தண்ணீர் இறைக்கும் எருதுகள் இரண்டு, கிணற்றில் மிச்சமிருக்கும் நாலடித் தண்ணீர் ஆகிய அனைவரும் அனைத்தும் சுகம். அங்கே தாங்களும் அத்தையும் சுகமாக இருப்பதற்குப் பதில் எழுதவும்.

தாங்கள் அனுப்பிய மூன்றாவது புத்தகமும் பத்திரமாக வந்து சேர்ந்தது. வராமலே இருந்திருக்கலாம் என்று எழுத மனம் வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை. பி.ஏ. முடித்து ஊருக்கு வந்தபோது பட்டம் என்கூட வந்தது, காலேஜ் லைப்ரரி வரவில்லை. அங்கே நான் விரும்பிப் படித்ததெல்லாம் பழைய காலத்துச் சீமைக் கதைகள்: மலைமேல் கோட்டை, அதற்குள் ராஜகுமாரி, வாசலில் நெருப்பைக் கக்கும் டிராகன். தினமும் ஆபீஸ் விட்டுப் பழைய புத்தகக் கடைகள் வழியாகத்தானே வீட்டுக்குப் போகிறீர்கள் என்றுதான் தங்களிடம் புத்தகம் கேட்டேன். கோட்டை வேண்டும், டிராகன் வேண்டும், கதை நன்றாக இருக்க வேண்டும் என்று மூன்றே விஷயம் எழுதியிருந்தேன். முதலில் வந்த புத்தகத்தில் கோட்டை இருந்தது; இடிந்த கோட்டைச் சுவருக்குக் காரை பூசும் முறை பற்றி ஓர் இஞ்சினீயர் எழுதியது. இரண்டாவதில் பக்கத்துக்குப் பக்கம் டிராகன் இருந்தது; சீனத்துப் பீங்கான் தட்டுகளின் விலைப் பட்டியல். தாங்கள் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறீர்கள் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். இருந்தாலும் மழையில் நின்று தேடியிருக்கிறீர்கள் என்று ஈரம் பட்ட அட்டையே சொன்னது. பீங்கான் புத்தகத்தை நான் முழுக்கப் படித்தேன் மாமா.

மூன்றாவதுதான் உண்மையான கதைப் புத்தகம். ஆனால் அது வந்த நேரத்தைச் சொல்ல வேண்டும். சேலத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து எனக்கு உபாத்தியாயினி வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. மே இருபத்தைந்துக்குள் பதில் எழுத வேண்டும். நான் அதை அப்பாவிடம் வாசித்துக் காட்டி, அதன்மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றேன். என் வழக்கம் தங்களுக்குத் தெரியும். அப்பா, "கவுளி சொல்லட்டும் அம்முணி, பார்க்கலாம்" என்றார். நம் ஊரில் கிணறு வெட்டவும் கன்று வாங்கவும் கவுளி, அதாவது மெட்ராசில் பல்லி என்பார்களே அது, வாக்கு சொல்ல வேண்டும். சுவரில் உட்கார்ந்து நல்ல திசையில் அது சத்தம் கொடுத்தால்தான் காரியம். இத்தனைக்கும் சித்திரையில் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததில் கவுளிகள் எல்லாம் மாட்டுக் கொட்டகைக்குக் குடிபோய்விட்டன. அதையும் நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. அப்பா நாலு நாளாக வெள்ளைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் தங்கள் பார்சல் வந்தது. அதை அம்மா பிரித்தாள். அட்டையில் இரும்புச் சட்டை போட்ட வீரன் குதிரைமேல் இருந்தபடி டிராகனின் வயிற்றில் ஈட்டியைச் சொருகிக்கொண்டிருந்தான்.

"அய்யய்யோ, இங்க வாங்க! எந்தப் பாவி இவன், கவுளியக் குத்தறான்!"

அப்பா வந்து பார்த்தார். "ஆமா, கவுளிதான். றெக்கை மொளச்ச சாதி."

"அது கவுளி இல்லைங்கப்பா, டிராகன்" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"பேரு என்னவா இருந்தா என்ன சாமி, மூஞ்சி கவுளி மூஞ்சிதானே? இதக் குத்தற படம் ஊட்டுக்குள்ள இருந்தா அது எப்படி வாக்குச் சொல்லும்?"

அன்று மாலையே புத்தகத்துக்கு மஞ்சள் தடவி, பூ வைத்து, சாமி மாடத்தில் ஏற்றிவிட்டார்கள். மாடத்தில் வைத்ததை எடுத்துப் படிக்க முடியுமா? ராஜகுமாரி கோட்டையில் அடைபட்டதைப் பதினோராம் பக்கம் வரைதான் படித்திருந்தேன். இரண்டு நாள் அவளும் அடைபட்டிருந்தாள், நானும் அடைபட்டிருந்தேன். மூன்றாம் நாள் அப்பாவுக்கே பொறுக்கவில்லை. "அந்தக் கவுளி பொழைச்சுதா, செத்துதா, படிச்சுச் சொல்லு. பொழைச்சிருந்தா நமக்கும் தோசமில்லை" என்றார். அதிலிருந்து தினமும் சாயங்காலம் நான் வாசித்துத் தமிழில் சொல்ல, அப்பா, அம்மா, கவலை ஓட்டும் அங்கமுத்து மூவரும் கேட்டார்கள். கேட்டார்கள் என்றா சொன்னேன்? விசாரணை நடத்தினார்கள்.

"மலைமேல கோட்டையக் கட்டிப்போட்டுத் தண்ணிக்கு என்னங்க பண்றாங்க? அங்க கவலை ஓட்டறது ஆரு?" என்பது அங்கமுத்துவின் கேள்வி.

"சங்ககிரிக் கோட்டையில சுனை இருக்குதல்ல, அந்த மாதிரி இருக்கும். நீ கதையக் கேளு" என்றார் அப்பா.

வீரன் வந்ததும் அம்மாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "இந்த வெய்யில்ல இரும்பச் சுத்திக்கிட்டு வாரானே, புத்தி இருக்கறவன் செய்யற காரியமா இது? அது பாட்டுக்குப் படுத்திருக்குது, இவன் எதுக்குப் போயி நோண்டறான்?"

முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் டிராகன் செத்துப்போகிறது. அதற்கு முந்தின பக்கத்தில் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். மூன்று பேரும் மூச்சு விடாமல் இருந்தார்கள். அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். மாமா, நான் பிறந்ததிலிருந்து பொய் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். வீரன் புழுக்கம் தாங்காமல் இரும்புச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டான் என்றும், டிராகன் நகர்ந்து ராஜகுமாரிக்கு வழி விட்டது என்றும் புத்தகத்தைப் பார்த்தே படித்தேன். அங்கமுத்து தொடையைத் தட்டினார். அப்பா, "நல்ல கதை" என்றார். மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். தேதிக்கு இன்னும் ஏழே நாள்.

ஆகையால் மாமா, தயவுசெய்து இனிமேல் கோட்டையும் தேட வேண்டாம், டிராகனும் தேட வேண்டாம். தாங்கள் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து எனக்காக அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். எனக்கு அந்த வேலைக்குப் போக வேண்டும். மிகவும் போக வேண்டும். இதை உங்கள் அக்காவிடமும் சொல்ல முடியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் மூன்று விஷயம் பேசிவிடுகிறாள். கதையை மாற்றியது நமக்குள் இருக்கட்டும்.

அத்தைக்கு என் அன்பும், தங்கள் பாதங்களுக்கு என் வணக்கமும் ஏழு நாளைக்குள் வந்து சேரட்டும்.

தங்கள் அக்காள் மகள்,
வசந்தாமணி.

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியது ஒன்றையும் செய்ய வேண்டாம். இந்த வீட்டிலிருந்து போகிற கடிதம் எதுவானாலும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் ஒட்டுவது வழக்கம். நான் யாருக்கும் தெரியாமல் ஒட்டித் தபாலில் போடச் சொல்லி அங்கமுத்துவிடம் கொடுத்தேன். அவர் வழக்கம் மாறாமல் நேரே அப்பாவிடம் போய், "அம்முணி காயிதமுங்க, இன்னம் ஒட்டலைங்க, ஒருக்காக் கேட்டுப்போடுங்க" என்று நீட்டிவிட்டார். தலை குனிந்தபடி முழுவதையும் நானே வாசித்தேன். மூன்று விஷயம் பேசுவதைப் பற்றி அம்மா நாலு விஷயம் பேசினாள். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப அந்தக் கவுளி செத்தே போச்சா?"

"ஆமாங்கப்பா."

"அந்தப் பக்கத்தைப் படி."

உள்ளது உள்ளபடி படித்தேன். அம்மா மூக்கை உறிஞ்சினாள். அங்கமுத்து எழுந்து எருதுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

"நாங்க சங்கடப்படுவமுன்னு அத்தனாம் பெரிய கவுளிய உசுரோட வெச்சிருக்கற. உனக்கு வேணுங்கறத எங்கிட்டக் கேக்கறதுக்கு மட்டும் மெட்ராசுலிருந்து மாமன் வரோணுமா?" என்றார் அப்பா. "கவுளி சொல்லாட்டிப் போவுது. நான் சொல்றேன். போயிட்டு வா சாமி."

பள்ளிக்கூடத்துக்குப் பதில் எழுதி இதே தபாலில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை சிரமப்பட வேண்டாம். ஆனால் புத்தகம் தேடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சனிக்கிழமை தோறும் நான் சேலத்திலிருந்து வந்து வாசித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. கடையில் நின்று கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்கவும். கவுளி செத்தாலும் பரவாயில்லை, நிஜத்தைப் படி என்கிறார் அப்பா. உங்கள் அக்காதான் ஒத்துக்கொள்ளவில்லை.