காலடிப் பெட்டி

முருகப்பச் செட்டியாரின் வலது காலில் வெந்நீர் சொட்டியது. செட்டியார் காலை எடுக்கவில்லை.

காரை ஓட்டிக்கொண்டிருந்த சேவுகன்தான் பதறிப்போனான். முன் சீட்டில் செட்டியார் கால் வைக்கும் இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அது எதற்கென்று சேவுகனுக்குத் தெரியாது. கேட்டால் இதுகூடத் தெரியாதவன் என்ன டிரைவர் என்று ஆகிவிடும் என்பதால், கேட்காமலே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டான். இப்போது அந்தப் பெட்டியின் அடிமூலையிலிருந்து தண்ணீர் ஆவி பறக்க விழுந்துகொண்டிருந்தது.

"மொதலாளி, கால எடுங்க! வெந்துரும்!"

செட்டியார் கண்ணைத் திறந்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலத் தம் காலைப் பார்த்தார்.

"ஒழுகுதா?"

"ஆமாங்க மொதலாளி."

"வெள்ளிக்கெழமைக்குள்ள நிப்பாட்டிரு."

மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். கால் இருந்த இடத்திலேயே இருந்தது.

கொதிக்கிற தண்ணீருக்கே அசையாத மனிதர், ஒரு டிரைவரை விரட்டவா யோசிக்கப் போகிறார்? சேவுகனுக்கு முன்னால் இருந்த முத்துராமனை ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டார். என்ன குற்றம் என்று முத்துராமனுக்கே தெரியாது. காரில் எதையோ தொட்டுவிட்டானாம் என்று மட்டும் அவர்கள் ஊரான கடியாபட்டியில் பேச்சு.

சேவுகனுக்கு இந்த வேலை போனால் வேறு போக்கிடம் இல்லை. யுத்தம் வந்து பெட்ரோலுக்கு ரேஷன் வைத்தபோது, கரிப்புகையிலேயே ஓடும்படி பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டிவிட்டார்கள். கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் டிரைவராக அந்தப் புகையைத் தின்று தின்று, இருமினால் சளி கறுப்பாக வந்தது. பிறகு அந்த பஸ்ஸும் நின்றுபோயிற்று. வீட்டில் அடுப்பு எரிந்த நாளைவிட எரியாத நாள் அதிகமாயிற்று. போன ஐப்பசியில் அவனுடைய கைக்குழந்தை போய்விட்டது. என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை. பசிக்கு நோய் என்று பெயர் வைக்க வைத்தியருக்கும் மனம் வரவில்லை. இப்போது பொன்னுத்தாய் மறுபடி பிள்ளைத்தாய்ச்சி. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்றால், செட்டியார் வீட்டு வேலை தங்க வேண்டும்.

செட்டியாரோ எளிதில் புரிந்துகொள்ளக்கூடிய முதலாளி இல்லை. பர்மாவில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, கடை கண்ணியை அப்படியே விட்டுவிட்டு, பதினாறு வயது மகனையும் காவல்கார ராக்கனையும் கூட்டிக்கொண்டு மலைவழியாக நடந்தே ஊர் திரும்பியவர். வந்து சேர்ந்தது அவரும் ராக்கனும்தான். அதன் பிறகு பேச்சு குறைந்துவிட்டது. ஊருக்கு வந்ததும் முதல் காரியமாக, கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரத் துரை கழித்துக்கட்டிய இந்தக் கிழட்டுக் காரை வாங்கினார். நல்ல காரே சல்லிசாகக் கிடைத்த நேரம். செட்டியாருக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஊரே முடிவு கட்டியது.

சேவுகனும் சில சமயம் அப்படித்தான் நினைத்தான். முதலாளி என்றால் பின் சீட்டில் சாய்ந்து உட்கார வேண்டும். இவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சித்திரை வெயிலில் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிடச் சொன்னார். சேவுகன் பானைக்குள் வைத்த கிழங்கு மாதிரி வெந்தான். "கட்டுமாவடிக்கு விடு" என்பார். அரிமளம் தாண்டுமுன் கண்ணை மூடிவிடுவார். கட்டுமாவடியில் கடல் தெரிந்ததும் சேவுகன் மெல்ல "மொதலாளி" என்பான். அவர் கடலை ஏறிட்டும் பார்க்காமல் "திருப்பு" என்பார். ஒரு வேலையும் இல்லாத ஊருக்கு, ரேஷன் பெட்ரோலை எரித்துக்கொண்டு இப்படி ஒரு பயணம். தூங்குவது போல நடித்து, டிரைவர் எப்படி ஓட்டுகிறான் என்று வேவு பார்க்கிறார் என்பது சேவுகனின் தீர்மானம்.

அன்று சாயங்காலம் பொன்னுத்தாயிடம் சொன்னான்.

"பெட்டி ஒழுகுதாக்கும்? இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் அவள். "புதுப் பானை கசிஞ்சா என்ன பண்ணுவோம்?"

"என்ன பண்ணுவோம்?"

"கஞ்சிய ஊத்திக் கொதிக்க விடுவோம். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையெல்லாம் அடைஞ்சு கல்லாட்டம் ஆயிரும்."

"இது பானை இல்லடி. அமெரிக்காக்காரன் செஞ்சது."

"அமெரிக்காக்காரன் செஞ்சா என்ன? ஓட்டை ஓட்டைதானே?"

இராத்திரிக்கு என்று வைத்திருந்த கேப்பைக் கஞ்சியை வடிகட்டி, பெட்டிக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் அனுப்பும் ரேடியேட்டரில் ஊற்றினார்கள். அன்று இருவரும் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள்.

காலையில் இஞ்சினை ஓட்டிப் பார்த்தான். பெட்டி சொட்டவில்லை! சேவுகன் மனைவியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்த உற்சாகத்தில் வெள்ளோட்டம் பார்க்க அரிமளம் வரை போனான். தப்பு அங்கேதான் நடந்தது.

ரேஷன் கடைக்கு நேர் எதிரே வந்ததும் கார் உறுமியது. மூடி எகிறியது. பானெட்டின் இரண்டு பக்கமும் கஞ்சி நுரைத்துப் பொங்கி வழிந்தது. வெறும் பையோடு நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"ஏப்பா, மனுசனுக்கு இங்கிட்டு ஒரு வாய்க் கஞ்சி இல்ல. ஒங்க செட்டியாரு காரு குடிச்சுப்புட்டு மிச்சத்தக் கக்குதாக்கும்?" என்றார் ஒரு பெரியவர்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை நிஜமாகவே சட்டியைக் கொண்டுவந்து காரின் அடியில் நீட்டினாள்.

"வேணாந்தாயி, கிரீஸ் கலந்திருக்கு. குடிச்சா உசுருக்கே ஆபத்து!" என்று சேவுகன் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினான். அவள் நம்பவில்லை. கையை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அவனைத் திட்டிக்கொண்டே போனாள். அந்தத் திட்டில் நியாயம் இருப்பதாகவே அவனுக்குப் பட்டது.

காரைக் கழுவிக் கழுவி, அடைத்த கஞ்சியெல்லாம் வெளியே வந்தபோது, பழைய ஓட்டையும் பெரிதாகிவிட்டிருந்தது. பெட்டியைக் கழற்றிக்கொண்டு பாத்திரத்துக்குப் பற்றவைக்கும் இன்னாசியிடம் ஓடினான்.

இன்னாசி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளியேதான் கறுப்புத் தகரம். உள்ளே சுத்தமான செம்பு. அதைப் பார்த்ததும் அவன் முகம் பசித்தவன் முகமாயிற்று.

"செம்பக் கண்ணால பாத்து எம்புட்டு நாளாச்சு! ஈயத்துக்குத்தான் பஞ்சம். அது மலாயாவுல இருந்து வரணும். மலாயாவோ ஜப்பான்காரன் கையில. இருக்குறதச் சொரண்டிப் பத்தவச்சுப் பாக்குறேன்."

ஊதினான். பற்றவைத்தான். அந்த ஓட்டை அடைபட்டது. ஆனால் அந்தச் சூட்டில், வெள்ளைக்காரன் எப்போதோ பற்றவைத்த பழைய ஈயமெல்லாம் உருகி ஓடிவிட்டது. காரில் மாட்டிப் பார்த்தபோது பெட்டி சல்லடையாக ஒழுகியது. இந்தத் தடவை வெந்தது சேவுகனின் கால். அவன் செட்டியார் மாதிரி சும்மா இருக்கவில்லை. தெருவே கூடும்படி அலறினான். அப்போதுதான் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்தச் சூட்டில் அந்த மனிதர் எப்படிக் காலை வைத்துக்கொண்டிருந்தார்? பதில் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தபடியால் தேடவும் இல்லை.

கடைசியில் மானத்தை விட்டுப் புதுக்கோட்டைக்குப் போய், ஒர்க்ஷாப் வைத்திருந்த பழனிச்சாமி மேஸ்திரியின் முன்னால் நின்றான். மேஸ்திரி காருக்குள்ளே குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"இது என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

"இஞ்சினுக்கு முக்கியமான உறுப்புங்க," என்றான் சேவுகன் தைரியமாக.

"மண்ணாங்கட்டி! குளிர் காயிற அடுப்புய்யா இது! கொடைக்கானல் பனியில தொரைக்குக் கால் வெறைக்கக் கூடாதுன்னு வச்சிருக்கான். இஞ்சின்ல கொதிக்கிற தண்ணி இதுக்குள்ள வந்து சுத்திட்டுப் போகும்."

சேவுகன் பெட்டியையும் மேஸ்திரியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப... சித்திரை வெயில்ல... கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு... பக்கத்துல அடுப்ப எரியவிட்டுக்கிட்டா நாங்க ரெண்டு பேரும் கட்டுமாவடிக்குப் போனோம்?"

மேஸ்திரி சிரிக்கத் தொடங்கினார். சேவுகனும் சிரித்தான். விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, கார் மட்கார்டில் சாய்ந்து சிரித்தான். குழந்தை போன பிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

"பாவம்யா ஒங்க மொதலாளி. விவரம் தெரியாம வெந்துக்கிட்டு இருந்திருக்காரு," என்றார் மேஸ்திரி.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாருங்க. இத எடுத்துட்டா காருக்கு ஒண்ணும் ஆகாதா?"

"என்ன ஆகும்? ரெண்டு ரப்பர்க் கொழாயையும் ஒண்ணோட ஒண்ணு மாட்டிவிட்டாப் போச்சு."

அப்படியே மாட்டிவிட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர் கசியவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு காற்றாட ஊர் திரும்பிய சேவுகனுக்கு, செட்டியார் மேல் புதிதாக ஒரு பாசமே வந்துவிட்டது. எத்தனை நாள் வெந்தாரோ மனிதர்! பெட்டியை இன்னாசியிடம் சும்மாவே கொடுத்தான். இன்னாசி அதைப் பிரித்து, செம்பைத் தட்டி நீட்டி, ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் ஊர்க் கஞ்சித்தொட்டியில் ஓட்டையாகக் கிடந்த அண்டாவுக்கு அன்றைக்கே ஒட்டுப்போட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை செட்டியார் வந்து முன் சீட்டில் ஏறினார். ராக்கன் கேட்டைத் திறந்தான். கார் நகர்ந்தது. செட்டியாரின் கால் முன்னால் போய் இங்கிட்டும் அங்கிட்டும் துழாவியது.

"பெட்டி எங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் சேவுகன் காலையிலிருந்து காத்திருந்தான்.

"அது குளிர் காயிற அடுப்பாம் மொதலாளி! நம்ம ஊருக்கு எதுக்கு? அதனாலதான் இம்புட்டு நாளா நாம வெந்திருக்கோம். பிடுங்கி எறிஞ்சுட்டேன். இனி ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

"எங்க எறிஞ்ச?"

"இன்னாசிகிட்டக் குடுத்தேனுங்க. தட்டி, கஞ்சித்தொட்டி அண்டாவுக்கு ஒட்டுப்போட்டுட்டான்."

"ம்."

செட்டியார் கண்ணாடியைத் தாமே ஏற்றிக்கொண்டார். வேட்டியைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டு, பாதங்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே வந்தார். அரிமளம் வந்தது. கண்ணை மூடவில்லை.

"திருப்பு," என்றார்.

"மொதலாளி, கட்டுமாவடி..."

"வேணாம். திருப்பு."

வீட்டு வாசலில் இறங்கியவர் கதவைப் பிடித்தபடி சற்று நின்றார். கோபம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. அதுதான் சேவுகனைப் பயமுறுத்தியது.

"நாளையிலேருந்து வர வேணாம்ப்பா. கார இனி எடுக்கப் போறதில்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சேவுகன் காரை விட்டுக் குதித்து இறங்கினான். பொன்னுத்தாய்க்கு என்ன பதில் சொல்வது? கேட்டைச் சாத்த வந்த ராக்கனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் என்னண்ணே தப்புப் பண்ணுனேன்? ஒழுக்க நிப்பாட்டச் சொன்னாக, நிப்பாட்டுனேன். அந்த மனுசன் வெந்து சாகக் கூடாதுன்னுதானே அந்த எழவெடுத்த பெட்டிய எடுத்தேன்?"

ராக்கன் கையை விடுவித்துக்கொண்டு, கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டான்.

"பர்மா மலையில கொட்டுற மழையில, வெறச்சுப்போன மகன மடியில போட்டுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தாகல்ல, அன்னைக்குச் சில்லிட்ட காலுய்யா அது, அந்தப் பெட்டியில வச்சாத்தான் அவுகளுக்குக் கண்ணு அசரும்னுதான் இந்தக் காரையே வாங்குனது."